தமிழ்நாட்டில் படித்த நர்ஸ் பிரிட்டனில் வேலைக்குத் தகுதி பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் முடித்துவிட்டு பிரிட்டன் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை நல்ல நர்ஸ்கள் தேர்வில் மாட்டிக்கொள்வதைவிட காகிதங்களிலும் ஏஜென்டுகளிடமும் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். அதனால் அந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் 2025 நிலவரப்படி. பணம் கட்டும் முன் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொத்த வழியையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பிரிட்டனில் நர்ஸ் என்று வேலை பார்க்க, நர்சிங் அண்ட் மிட்வைஃப்ரி கவுன்சில் என்ற அமைப்பில் பதிவு இருக்க வேண்டும். சுருக்கமாக என்எம்சி. அவர்கள் தரும் பதிவு எண்ணை எல்லோரும் 'பின்' என்பார்கள்.

அந்தப் பின் கையில் வர ஐந்து விஷயங்கள் முடிய வேண்டும்: ஆங்கிலத் தேர்வு, சிபிடி என்ற கணினித் தேர்வு, உங்கள் படிப்பும் இங்குள்ள கவுன்சில் பதிவும் உண்மை என்ற சரிபார்ப்பு, உடல்நலம் மற்றும் நன்னடத்தை பற்றிய உறுதிமொழி, கடைசியாக ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. முதல் நான்கையும் இங்கே இருந்தே முடிக்கலாம். ஆஸ்கி மட்டும் பிரிட்டனில்தான் நடக்கும். அதனால் வழக்கமாக மற்றதை முடித்து, வேலை உத்தரவு வாங்கி, விசாவில் போய், அங்கே பயிற்சி எடுத்து ஆஸ்கி எழுதுவார்கள்.

நான் ஜிஎன்எம்தான் படித்திருக்கிறேன். பிஎஸ்சி இல்லாமல் முடியாதா?

முடியும். நீங்கள் படித்த நாட்டில் அந்தப் படிப்பு உங்களைப் பதிவு பெற்ற நர்ஸ் ஆக்குகிறதா என்பதைத்தான் என்எம்சி பார்க்கிறது. ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவரை தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் அப்படிப் பதிவு செய்கிறது, அது போதும். ஏஎன்எம் என்ற துணை நர்ஸ் படிப்பு மட்டும் படித்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. "ஏஎன்எம்முக்கும் யுகே நர்ஸ் வேலை" என்று விளம்பரம் வந்தால் அதைப் படித்து முடிக்கவே தேவையில்லை.

இன்னொன்று. பிரிட்டனில் பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நர்ஸ் பதிவே நான்கு பிரிவாக இருக்கிறது. நம் ஊர் பொது நர்சிங் படிப்புக்குப் பொருந்துவது பெரும்பாலும் பெரியவர்களுக்கான பிரிவு. குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்திருந்தாலும், படிப்பு பொதுப் படிப்பு என்றால் அதே பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மருத்துவச்சிப் பதிவு முற்றிலும் தனி.

எத்தனை வருட அனுபவம் வேண்டும்?

2019இல் விதிகளை மாற்றியபோது, பதிவுக்குப் பின் ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை என்எம்சி எடுத்துவிட்டது. எனவே பதிவுக்கு அனுபவம் கட்டாயம் இல்லை. ஆனால் வேலை கொடுப்பவர் கேட்பார். இன்றைய நிலையில் ஒரு வருடமாவது வார்டு அனுபவம் இல்லாமல் நேர்காணல் கிடைப்பது கஷ்டம்.

நான்கு வருடமும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் படித்தேன். எனக்கும் ஆங்கிலத் தேர்வா?

ஆமாம். ஆங்கிலமே பெரும்பான்மையோரின் பேச்சுமொழியாக உள்ள நாடுகள் என்று என்எம்சி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தியா அதில் இல்லை. கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது மட்டும் போதாது.

2023 முதல் ஒரு துணை வழி வந்திருக்கிறது. ஏற்கெனவே பிரிட்டனில் மருத்துவ அல்லது பராமரிப்புத் துறையில், கடந்த இரண்டு ஆண்டுக்குள் 12 மாதம் வேலை பார்த்தவர்களுக்கு, அவர்களுடைய முதலாளி ஆங்கிலத் திறனுக்கு ஆதாரம் தரலாம். ஆங்கிலத்தில் நர்சிங் படித்தவர்களும், தேர்வில் மிகக் கொஞ்சத்தில் தவறியவர்களும் மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். சென்னையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவருக்கு இது பயன்படாது.

ஐஇஎல்டிஎஸ் நல்லதா, ஓஇடி நல்லதா?

இரண்டுமே என்எம்சி ஏற்கும் ஆங்கிலத் தேர்வுகள். ஐஇஎல்டிஎஸ் பொதுவானது, ஓஇடி மருத்துவத் துறையினருக்கானது. முதலில் எவ்வளவு மார்க் வேண்டும் என்று பார்ப்போம். ஐஇஎல்டிஎஸ் என்றால் அகாடமிக் தேர்வு, ஜெனரல் அல்ல. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, மொத்தத்தில் 7. ஓஇடி என்றால் கேட்டல், படித்தல், பேசுதலில் பி, எழுத்தில் சி பிளஸ். இரண்டிலும் எழுத்துக்குக் கொஞ்சம் சலுகை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது 2018 டிசம்பரில் ஐஇஎல்டிஎஸ்ஸில் தொடங்கியது. அதற்கு முன் எழுத்திலும் 7 கேட்டு நிறைய பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.

என் கருத்து, வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு ஓஇடி சுலபம். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் ஒரு வரைபடத்தை விவரித்து 150 வார்த்தை, அப்புறம் நகரமயமாக்கலோ சுற்றுலாவோ ஏதோ ஒரு தலைப்பில் 250 வார்த்தைக் கட்டுரை. ஓஇடியில் ஒரு நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுத்து, வேறொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ 180 முதல் 200 வார்த்தையில் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பதுதான் சோதனையே. டிஸ்சார்ஜ் எழுதிப் பழகியவருக்கு அந்தப் பிரிவினை தானாக வரும். பேச்சுத் தேர்வும் நோயாளியோடு பேசுவது போன்ற இரண்டு உரையாடல்கள்தான்.

ஆனால் ஓஇடி விலை அதிகம். கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், அதாவது முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஐஇஎல்டிஎஸ் 18,000 ரூபாய் அளவில் முடியும். பொது ஆங்கிலம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர் ஐஇஎல்டிஎஸ் எழுதிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். இரண்டு மாதிரித் தாள்களையும் வீட்டில் நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோச்சிங் சென்டர்காரர் எதை நடத்துகிறாரோ அதையே பரிந்துரைப்பார்.

மூன்றில் வந்துவிட்டது, படித்தலில் மட்டும் 6.5. மறுபடி முதலிலிருந்தா?

முதலிலிருந்துதான் எழுத வேண்டும், ஆனால் பழைய மார்க் வீணாகாது. 12 மாதத்துக்குள் எழுதிய ஒரே வகைத் தேர்வின் இரண்டு முடிவுகளைச் சேர்த்துக் காட்டலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொரு பிரிவிலும் வேண்டிய மதிப்பெண் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். கூடவே, எந்தத் தேர்விலும் கேட்டல், படித்தல், பேசுதலில் 6.5க்குக் கீழும் எழுத்தில் 6க்குக் கீழும் போயிருக்கக் கூடாது. ஓஇடியில் அதே கணக்கு சி பிளஸ், எழுத்துக்கு சி. படித்தலில் 6 வாங்கிய தாளைச் சேர்க்க முடியாது, 6.5 வாங்கியதைச் சேர்க்கலாம். தேர்வு முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் தேதியிலும் ஒரு கண் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர். இது பிரச்சினை ஆகுமா?

ஆகும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', பட்டத்தில் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப்பெயர் செல்வராஜ், கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். லண்டனில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்றே தெரியாது, மூன்று பேராகத் தெரியும்.

ஆங்கிலத் தேர்வு, சிபிடி, என்எம்சி கணக்கு, விசா எல்லாமே பாஸ்போர்ட் பெயரில் இருக்க வேண்டும். எனவே ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள். அதில் முழுப்பெயர் விரிவாக இருக்கட்டும். தேர்வு எழுதிய பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய சான்றிதழ்களில் உள்ள சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் உதவும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அந்தப் பிரதியை வைத்துக்கொள்வது பலமான ஆதாரம். திருமணத்தால் மாறியது என்றால் பதிவுத்துறையின் திருமணச் சான்று. கோயில் கல்யாணம் ஆகி பதிவு செய்யாமல் விட்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், இப்போதே பதிவு செய்துவிடுங்கள். துணைவருக்கு விசா எடுக்கும்போதும் அது வேண்டும்.

கவுன்சில் பதிவில் பிறந்த தேதி அல்லது பெயர் எழுத்து தப்பாக இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே திருத்துங்கள். வேலை உத்தரவு வந்த பிறகு திருத்தப் போனால் அந்த உத்தரவே காத்திருக்காது.

கவுன்சில் வெரிபிகேஷன் என்றால் என்ன? நானே நகல் எடுத்து அனுப்பக் கூடாதா?

கூடாது. நீங்கள் பதிவு பெற்றவர்தான், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று உங்களைப் பதிவு செய்த கவுன்சிலே என்எம்சிக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கை வழியாகப் போனால் ஏற்க மாட்டார்கள். படிப்பைப் பற்றியும் அதே மாதிரி உரிய இடத்திலிருந்து உறுதி கேட்பார்கள்.

தமிழ்நாடு கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அமைப்பு, சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டவர்கள் அதை முடித்த பிறகுதான் வெரிபிகேஷனுக்கு விண்ணப்பிக்க முடியும். கர்நாடகாவில் படித்து அங்கே பதிவு செய்து, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்றியவர்கள் இரண்டு கவுன்சிலிலும் அலைய நேரலாம். பெங்களூருவில் படித்த நம் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு ஆகும் நாட்களைச் சுருக்க உங்களால் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஆங்கிலத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் கவுன்சில் வேலைகளை அதனுடன் சேர்த்தே ஓட்டுங்கள்.

கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறது. பாண்ட் முடியாமல் தரமாட்டார்களாம்.

படித்து முடித்ததும் அதே ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் வேலை பார்த்தால்தான் சான்றிதழ் என்ற பாண்ட் முறையை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பதில்லை. சான்றிதழ் உங்களுடையது. எழுத்துபூர்வமாகக் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பதில் இல்லை என்றால் மாநிலக் கவுன்சிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நகல் போடுங்கள். பெரும்பாலும் கடிதத்தில் 'நகல்: கவுன்சில்' என்று பார்த்ததுமே பேச்சுவார்த்தையின் தொனி மாறும். வேலைக்குச் சேரும்போதும் அசலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிபிடி எப்படி இருக்கும்?

இரண்டு பகுதி. முதல் பகுதி மருந்துக் கணக்கு, 15 கேள்வி, அரை மணி நேரம். இரண்டாவது நர்சிங் அறிவு, 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில் நடக்கும், கட்டணம் 83 பவுண்டு. ஒரு பகுதியில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

கணக்கு நம்மவர்களுக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், மணிக்கு எத்தனை மில்லி என்றால் 125. இந்த அளவுதான். இரண்டாவது பகுதியில்தான் சறுக்குவார்கள், அதுவும் மருத்துவ அறிவில் அல்ல. நோயாளி சிகிச்சை வேண்டாம் என்கிறார், மகன் செய்யுங்கள் என்கிறார், என்ன செய்வீர்கள்? நம் ஊரில் மகனிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். அங்கே முடிவெடுக்கும் திறன் உள்ள நோயாளி சொல்வதுதான் முடிவு. சக ஊழியர் தப்பு செய்வதைப் பார்த்தால் மூடி மறைக்காமல் மேலே சொல்வது கடமை. என்எம்சியின் நடத்தை விதித்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதை இரண்டு முறை வாசித்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே சாயலில் தெரிய ஆரம்பிக்கும்.

குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது வந்தால், 2023இல் நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு மையத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறாட்டம் நடந்ததாகச் சந்தேகம் எழுந்து, அங்கே தேர்வு எழுதிய கிட்டத்தட்ட 2000 பேரின் முடிவுகளை என்எம்சி சந்தேகப் பட்டியலில் வைத்தது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் சேர்ந்து அவதிப்பட்டார்கள்.

ஆஸ்கியில் என்ன செய்யச் சொல்வார்கள்?

மொத்தம் 10 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சோதனை. நான்கு நிலையங்கள் ஒரே நோயாளியைச் சுற்றி வரும்: நிலையை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது போன்ற செயல், பிறகு அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இன்னொரு நான்கு, தனித்தனிச் செய்முறைகள்: தசை ஊசி, கிருமி படாமல் கட்டுப் போடுவது, கதீட்டர், இதயம் நின்றவருக்கு முதலுதவி என்று எதுவும் வரலாம். மிச்சம் இரண்டும் எழுத்து: ஒரு நெறிமுறைச் சூழல், ஒரு ஆய்வுச் சுருக்கத்தை நோயாளிக்குப் புரியும்படி சொல்வது.

நம் நர்ஸ்களுக்கு ஊசி போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐம்பது படுக்கை வார்டில் இரவுப் பணி பார்த்தவருக்குக் கை வேகம் அசாத்தியம். அந்த வேகம்தான் ஆஸ்கியில் எதிரி. தேர்வாளர் உங்கள் மனதைப் படிக்க மாட்டார், நீங்கள் சொன்னதையும் செய்ததையும் மட்டும் டிக் அடிப்பார். கை கழுவினீர்களா, பெயரும் பிறந்த தேதியும் கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிட்டீர்களா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டீர்களா, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினீர்களா, திரையை இழுத்தீர்களா, மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா. இதில் ஒவ்வாமையை விட்டுவிட்டு மருந்து கொடுத்தால் அந்த நிலையம் போச்சு.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறாரா இல்லையா, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் நியூஸ் டூ என்ற அட்டவணை அங்கே எல்லா வார்டிலும் இருக்கிறது. கூட்டுத்தொகை 5 ஆனால் அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டும், 7 ஆனால் அவசரகாலக் குழு. ஆஸ்பத்திரிக்குள் இதயம் நின்றால் அழைக்கும் எண் 2222. ஏட்டில் தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோட்டில் அடித்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கிறுக்கி மறைக்கக் கூடாது.

பெரும்பாலான என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரிகள் சம்பளத்தோடு பயிற்சி தருகின்றன. இங்கே லட்சக்கணக்கில் கட்டி ஆஸ்கி கோச்சிங் போகத் தேவையில்லை.

தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

உடனே இல்லை. ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்பு. ஏழு நிலையங்கள் வரை தவறியிருந்தால் அவற்றை மட்டும் பாதிக் கட்டணத்தில் மறுபடி செய்யலாம். எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் முழுத் தேர்வு, முழுக் கட்டணம். மூன்றிலும் போனால் ஆறு மாதம் கழித்துப் புது விண்ணப்பம் போட வேண்டும், அதற்குள் விசா சிக்கல் வந்துவிடும். வேலை தொடங்கும் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் முதல் ஆஸ்கி, 8 மாதத்துக்குள் பதிவு என்பது விசாவின் கணக்கு. மூன்றாவது வாய்ப்பு வரை போகிறவர்கள் தேதியை நெருக்கி வாங்காமல், தவறிய இடத்தை வார்டு பயிற்சியாளரிடம் செய்து காட்டிவிட்டுப் போவது நல்லது.

மொத்தம் எவ்வளவு செலவு?

என்எம்சி பக்கம் மட்டும்: சிபிடி 83, விண்ணப்பம் 140, ஆஸ்கி 794, பதிவு 153. கூட்டினால் 1,170 பவுண்டு. அதற்கு மேல் ஆங்கிலத் தேர்வு, காவல்துறைச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, விசா, டிக்கெட். மூன்று ஆண்டு வரையிலான மருத்துவப் பணியாளர் விசாவுக்கு 304 பவுண்டு. மற்ற வேலைக்காரர்கள் ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் நர்ஸுக்கு இல்லை.

இதில் ஆஸ்கி கட்டணம், விசா, டிக்கெட், முதல் சில வாரத் தங்குமிடம் ஆகியவற்றைப் பல ஆஸ்பத்திரிகள் ஏற்கின்றன அல்லது திருப்பித் தருகின்றன. வேலை உத்தரவில் எது உண்டு, எது இல்லை என்று வரிவரியாகப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கும். அது இருப்பது தப்பில்லை. நீங்கள் வேலை பார்க்கப் பார்க்கத் தொகை குறைந்துகொண்டே வருகிறதா, தொகை உண்மையான செலவுக்குள் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஏஜென்ட் ஐந்து லட்சம் கேட்கிறார். வேலை உறுதியாம். கொடுக்கலாமா?

வேண்டாம்.

இங்கிலாந்தின் சர்வதேச ஆள்சேர்ப்பு நடத்தை விதிப்படி, வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. ஏஜென்டுக்கு ஆஸ்பத்திரி பணம் தரும். அந்த விதியை ஏற்ற நிறுவனங்களின் பட்டியலை என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் என்ற அமைப்பு வெளியிடுகிறது. உங்கள் ஏஜென்ட் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இந்தியப் பக்கமும் சட்டம் உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். 'கன்சல்டன்சி' என்று போர்டு மாட்டிய பல இடங்களுக்கு இந்த உரிமமே கிடையாது. படிப்புக்கு ஆள் அனுப்பும் கடைக்கு வேலைக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை.

ஏஜென்ட் செய்து தருவதாகச் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை நீங்களே செய்யக்கூடியவை. என்எம்சி கணக்கை நீங்களே உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள், கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். ஏஜென்டின் மின்னஞ்சலில் கணக்கு இருந்தால் நாளைக்கு அவரோடு சண்டை வரும்போது உங்கள் விண்ணப்பம் அவரிடம் பணயமாக நிற்கும். என்ஹெச்எஸ் ஜாப்ஸ் தளத்தில் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அவர்களின் அறிவிப்புகளையும் அவ்வப்போது பாருங்கள்.

முதலில் கேர் அசிஸ்டென்டாகப் போய்விட்டு அங்கே நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்களே?

அந்தக் கதவு 2025 ஜூலை 22 அன்று மூடியது. அன்றிலிருந்து வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களை, அதாவது பராமரிப்பு உதவியாளர்களை, புதிதாக எடுக்க முடியாது. இன்னும் அந்த விசா தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். திறந்திருந்த காலத்திலேயே பல லட்சம் கொடுத்துப் போய், வேலை இல்லாத கம்பெனியில் மாட்டிக்கொண்ட நர்ஸ்கள் உண்டு.

உண்மையைச் சொல்லுங்கள், இப்போது பிரிட்டனில் வேலை கிடைக்கிறதா?

2022, 2023 போல இல்லை. 2024-25இல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பதிவு பெற்ற நர்ஸ், மருத்துவச்சிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் பணநெருக்கடி, அங்கே படித்து வரும் நர்ஸ்களுக்கே முன்னுரிமை. பொது வார்டுக்கு ஆள் எடுப்பது மிகவும் சுருங்கிவிட்டது. தியேட்டர், ஐசியூ, டயாலிசிஸ் போன்ற தனி அனுபவம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு பரவாயில்லை. இன்று தொடங்குபவர், வேலை கிடைக்கத் தாமதமாகலாம் என்ற கணக்கோடு தொடங்குவது நல்லது. ஆங்கிலத் தேர்வும் கவுன்சில் காகிதங்களும் வேறு நாட்டுக்கும் உதவும்.

சம்பளம்?

என்ஹெச்எஸ் சம்பளப் படிநிலைகளை 'பேண்ட்' என்பார்கள். பின் வரும்வரை பேண்ட் 3 அல்லது 4, வந்தபின் பேண்ட் 5. இங்கிலாந்தில் 2025-26க்கு பேண்ட் 5 தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்தபின் மாதம் சுமார் 2,000 கைக்கு வரும். இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் கூடுதல். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள், வாடகையும் பவுண்டில்தான். லண்டனுக்கு வெளியே ஒரு அறைக்கே 500 முதல் 800 வரை போகும்.

குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

நர்ஸ் விசாவில் துணைவரும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வரலாம். துணைவர் வேலையும் பார்க்கலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து ஆண்டு என்றிருந்ததைப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்தது. எனவே "ஐந்து வருடத்தில் செட்டில்" என்று யாரும் உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

வளைகுடா, ஜெர்மனி, அமெரிக்கா?

வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் செய்யும் சான்றிதழ் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் முக்கியம். பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அங்கே போலி அனுபவச் சான்று கொடுத்து ஒருமுறை மாட்டினால் பக்கத்து நாட்டுக்கும் அந்தக் கறை வரும்.

ஜெர்மனியில் பி2 அளவு ஜெர்மன் இல்லாமல் நர்ஸ் உரிமம் இல்லை. உங்கள் படிப்புக்கும் அவர்கள் படிப்புக்கும் உள்ள இடைவெளியை எழுதித் தருவார்கள். அதை ஒரு தேர்வு எழுதியோ பயிற்சிக் காலம் முடித்தோ நிரப்ப வேண்டும். மொழிக்கு ஒரு வருடம் ஒதுக்கத் தயாராக இருக்கும் இளையவர்களுக்கு இப்போது பிரிட்டனைவிட இதுவே நல்ல வழி என்பேன்.

அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, அதைச் சென்னையிலேயே எழுதலாம். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. தேர்வில் பாஸ் ஆனால் விமானம் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். அதே என்க்ளெக்ஸ், ஆஸ்திரேலியப் பதிவுக்கும் ஒரு படி. பிரிட்டனில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்திரேலியா 2025இல் தேர்வில்லாத குறுகிய வழியையும் திறந்திருக்கிறது.

இங்கே பார்க்கும் வேலையை எப்போது ராஜினாமா செய்யலாம்?

விசா கிடைத்த பிறகு. வேலை உத்தரவு வந்ததும் அல்ல, விசாவுக்காக முதலாளி தரும் ஸ்பான்சர் சான்று வந்ததும் அல்ல. ஆஸ்பத்திரிகள் கடைசி நேரத்தில் தேதியைத் தள்ளிவைப்பதும் உத்தரவை ரத்து செய்வதும் சமீபத்தில் நடந்திருக்கிறது. புதிய முதலாளியிடம் உங்கள் நோட்டீஸ் காலத்தை முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற தேதி வாங்குங்கள். கிளம்பும்போது அனுபவச் சான்றைத் தேதி, பிரிவு, பதவி எல்லாம் சரியாக இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். நர்சிங் கண்காணிப்பாளரின் அலுவலக மின்னஞ்சல் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது உங்களைப் பற்றி விசாரிக்க எழுதினால் அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள்.